பிழைத்தலும் பிழையும்: கூர்ப்புக் கொள்கையும் ‘இராசநாயகத்தின் இறுதிக் கலவரம்’ நாடகமும்

1. சொல்லும் வினாவும்

தமிழிலே ‘பிழைத்தல்’ என்னும் வினை, ஒன்றோடொன்று முரண்படுவன போலத் தோன்றும் இரு பொருள்களைத் தருவது. உயிர்தப்பி வாழ்தல் ஒன்று. தவறுதல், குற்றஞ் செய்தல் மற்றொன்று. சிலப்பதிகாரப் பதிகம் அரசியலில் நெறி தவறியோரைக் குறிக்க இவ்வினையை இரண்டாம் பொருளில் ஆள்கிறது. அன்றாட வழக்கோ நோயினின்றும் விபத்தினின்றும் மீண்டவரைப் பிழைத்தவர் என்கிறது. எய்த அம்பு இலக்குத் தவறுவதும், அதனால் இலக்காக நின்ற உயிர் தப்புவதும் ஒரே நிகழ்ச்சியின் இரு பக்கங்களாதலின், இரு பொருளும் ஒரு வேரினின்றே கிளைத்திருத்தல் கூடும்.

கூர்ப்புக் கொள்கை தமிழுக்கு வந்தபோது இந்தச் சொல்லே அதனை ஏந்திக்கொண்டது. ஹேர்பேட் ஸ்பென்சர் 1864 இல் ஆக்கிய தொடரை, டார்வின் தமது ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலின் ஐந்தாம் பதிப்பிலே (1869) ஏற்றுக்கொண்டார். தமிழிலே அது ‘தக்கன பிழைத்தல்’ என வழங்குகிறது. ‘தக்கன’ என்பதற்கு வலியன என்றோ சிறந்தன என்றோ பொருள் இல்லை. தாம் வாழும் சூழலுக்கு இயைந்து, வழித்தோன்றல்களை விட்டுச் செல்வன என்பதே அதன் பொருளாகும். இலங்கைப் பாடநூல்கள் ‘கூர்ப்பு’ என்னும் சொல்லை ஆள, தமிழகத்திலே ‘பரிணாம வளர்ச்சி’ என்ற தொடர் பரவியுள்ளது. இத்தொடரில் அமைந்த ‘வளர்ச்சி’ என்னும் சொல், கொள்கையிலே இல்லாத ஒரு நம்பிக்கையை வாசகர் மனத்திலே புகுத்திவிடுகிறது. ஈழத்துச் சிந்தனையாளருள் மு. தளையசிங்கம் ‘மெய்யுள்’ முதலிய எழுத்துக்களிலே, மனித உணர்வு அடுத்த உயர்நிலைக்குப் பரிணமிக்கும் என எதிர்நோக்கினார். அரவிந்தரின் சிந்தனையோடு உறவுடைய ஆன்மிக நோக்கு என்ற வகையிலே அது மதிக்கத்தக்கது. உயிரியலின் முடிபாக அதனைக் கொள்ளுதல் இயலாது. உயிரியல் கூறும் கூர்ப்பு, படிப்படியாக மேலேறும் ஏணியை ஒத்ததன்று. பல திசைகளிலே கிளைவிட்ட மரத்தை ஒத்தது.

இவ்வாறு பிழைத்தலே உயிர்கள் யாவற்றுக்கும் பொதுவான விதியாயின், பிழைக்க மறுப்பவன் செய்வது பிழையா? பிழைப்பதற்காகத் தன்னை மறைத்துக்கொண்டவன் செய்தது பிழையா? 1983 யூலை இறுதி வாரத்திலே கொழும்பில் வாழ்ந்த தமிழருக்கு இவ்வினாக்கள் ஏட்டுச் சுரைக்காயாக இருக்கவில்லை. அவ்வாரத்தைப் பொருளாகக் கொண்டு ஏர்னஸ்ட் தளையசிங்கம் மக்கின்டயர் ஆங்கிலத்திலே எழுதிய ‘இராசநாயகத்தின் இறுதிக் கலவரம்’ என்னும் நாடகம் அவ்வினாக்களை நேர்நின்று எழுப்புகிறது. மனித இயல்பு, உணர்ச்சி, அறம் ஆகிய மூன்றையும் கூர்ப்புக் கொள்கை எவ்வளவு தூரம் விளக்கும் என்பதை அளந்தறிய அந்நாடகம் ஏற்ற உரைகல்லாகும்.

2. நாடகமும் அதன் நகரமும்

வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் கொழும்புத் தமிழரின் வாழ்வு வேரூன்றிய இரு பகுதிகள். வெள்ளவத்தையிலே காலி வீதியின் இருமருங்கும் கடல்நோக்கிய ஒழுங்கைகளிலும் அரச ஊழியரும் ஆசிரியரும் வணிகரும் குடியேறினர். 1942 இல் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் இன்றும் அங்கேயே இயங்குகிறது. கொட்டாஞ்சேனை துறைமுகத்தையும் புறக்கோட்டை வணிகத்தையும் அண்டி வளர்ந்தது; சைவக் கோயிலும் கத்தோலிக்கப் பேராலயமும் பௌத்த விகாரையும் நடைதூரத்துக்குள் அமைந்த இடம் அது.

1983 யூலை 23 ஆம் நாள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலே 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டனர். மறுநாள் அவர்தம் இறுதிச்சடங்குக்காகப் பொறளைக் கனத்தை மயானத்திலே கூடிய கூட்டத்திலிருந்து வன்முறை பரவத் தொடங்கியது. அடுத்து வந்த நாட்களிலே வீடுகளும் கடைகளும் எரிந்தன. வெலிக்கடைச் சிறையிலே யூலை 25, 27 ஆகிய இரு நாட்களில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். இறந்தோர் தொகை அரச கணக்கிலே சில நூறு. பிற மதிப்பீடுகளிலே 3000 வரை. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியும் இரத்மலானையும் அகதிகளால் நிரம்பின.

நாடகத்தின் கதை எளியது. பிலிப் பெர்னாந்து சிங்களவர். அவர் மனைவி சீதா தமிழ்ப் பெண். இராசநாயகம் பிலிப்பின் பல்கலைக்கழகக் கால நண்பர். கலவரம் மூளுந்தோறும் இராசநாயகம் அவ்வீட்டிலே அடைக்கலம் புகுவார், தணிந்ததும் மீள்வார். பல கலவரங்கள் இவ்வாறே கழிந்துள்ளன. 1983 இலும் வருகிறார். கும்பலிடம் அகப்படுபவர் தமிழரா எனக் கண்டறியக் கேட்கப்படும் சொல் ஒன்று உண்டு. வாளியைக் குறிக்கும் ‘பால்திய’ என்னும் சிங்களச் சொல்லே அது. அதனைச் சிங்களவர் ஒலிப்பது போலவே ஒலிக்க இராசநாயகம் பழகியிருந்தார். இறுதியில் அந்தப் பழக்கத்தைக் கைவிட்டுத் தம் நாக்கின் இயல்பிலேயே சொல்கிறார், உயிர் போகிறது. பிழையின்றிச் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பார்.

இத்தகைய சொற்சோதனை நாடகாசிரியரின் கற்பனை அன்று. 1958 இலிருந்து தொடரும் கலவர நினைவுகளிலே அது பலராலும் கூறப்பட்டுவருவது. சொல்லின் முதலிலே ஒலிப்புடைப் பகரம் வருதல் தமிழின் மரபான ஒலியமைதிக்கு உரியதன்று. ஆதலின் தமிழரின் நா அவ்விடத்திலே தடுமாறும் என்பதே சோதனையின் அடிப்படை. இங்கு கருதத்தக்க செய்தி வேறொன்றும் உண்டு. அச்சொல் சிங்களத்துக்கும் உரியதன்று. போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்து புகுந்தது. இரு இனங்களின் தொன்மை பற்றி ஓயாது பேசப்பட்ட நாட்டிலே, உயிருக்கும் சாவுக்கும் இடையிலான எல்லைக்கல்லாக நின்றது ஓர் இரவற் சொல்.

உலக வரலாற்றிலே இதற்கு இணைகள் உள்ளன. விவிலியத்தின் நியாயாதிபதிகள் நூலிலே, யோர்தான் துறையைக் கடக்க முனைந்த எப்பிராயீமர் ஒரு சொல்லின் முதலொலியைத் தவறாக ஒலித்தமையாற் கொல்லப்பட்டனர். 1937 இல் டொமினிக்கன் குடியரசிலே எயிற்றியரைப் பிரித்தறிய ஒரு கீரையின் ஸ்பானியப் பெயர் பயன்பட்டது என்பர். இவை யாவும் உணர்த்தும் உண்மை ஒன்று. உடம்பு காட்டிக்கொடுக்காதபோதே சொல்லை நாட வேண்டியுள்ளது. மேனி நிறமோ முகவெட்டோ தமிழரைச் சிங்களவரினின்று பிரித்துக் காட்டியிருப்பின் வாளியின் பெயரைக் கேட்கும் தேவை எழுந்திராது. இரத்தத்தின் பெயரால் நடந்த வன்முறைக்கு இரத்தம் சாட்சி சொல்லவில்லை.

3. விலங்கு என்னும் வசை

1983 பற்றிய தமிழ் எழுத்துக்களிலும் பேச்சுக்களிலும் ‘மிருகத்தனம்’ என்னும் சொல் அடிக்கடி வருகிறது. மனிதனுள் உறங்கும் விலங்கு கட்டவிழ்ந்தது என்பதே பலருக்கும் கைவந்த விளக்கமாகும். கொதித்த உள்ளத்தின் சொல் என்ற வகையிலே அதற்கு நியாயம் உண்டு. விளக்கம் என்ற வகையிலே அது இரு குறைகளை உடையது. விலங்கைப் பற்றி அது கூறுவது அரைகுறையானது; மனிதன் மீதுள்ள பொறுப்பை அது இறக்கிவைக்கிறது.

டார்வின் 1872 இல் வெளியிட்ட, மனிதரிலும் விலங்குகளிலும் உணர்ச்சிகள் வெளிப்படும் முறை பற்றிய நூலிலே இலங்கை யானைகள் இடம்பெறுகின்றன. இலங்கையிலே குடியேற்றச் செயலாளராகக் கடமையாற்றிய எமேர்சன் டெனென்ட், பிடித்துக் கட்டப்பட்ட யானைகள் சில அசையாது கிடந்து கண்ணீர் சொரிந்ததை விவரித்திருந்தார். டார்வின் அதனை எடுத்தாண்டார். உள்ளத்து உணர்வு உடலிலே புலப்படும் வகையை ஆராயும் இம்முயற்சி, தொல்காப்பிய மெய்ப்பாட்டியலைக் கற்றோருக்குப் புதிதாகத் தோன்றாது. வெகுளி பிறக்கும் களன்களுள், உறுப்பைச் சிதைத்தல், கொல்லுதல் ஆகியவற்றோடு, குடியைச் சார்ந்தோருக்குக் கேடு சூழ்தலையும் தொல்காப்பியர் சேர்த்தமை இவ்விடத்திலே நினைக்கத்தக்கது. தன் உடலுக்கு வரும் தீங்கைப் போலவே தன் குடிக்கு வரும் தீங்கும் சினத்தை எழுப்பும் என்பதை அவர் கண்டிருந்தார்.

டார்வினின் ‘மனிதனின் வழித்தோற்றம்’ (1871) இதனையே வேறொரு வழியில் அணுகுகிறது. தம் கூட்டத்துக்காகத் துன்பமேற்கவும் ஒருவருக்கொருவர் உதவவும் முன்வருவோரை மிகுதியாகக் கொண்ட குலம், அத்தகையோர் குறைந்த குலத்தை வெல்லும். இவ்வாறே பரிவும் பற்றும் துணிவும் மனித இயல்பாக நிலைபெற்றன என்பது அவர் கருத்து. பரிவைக் கூர்ப்பின் விளைவாக்கும் இவ்விளக்கம் ஆறுதல் தருவது. அதன் மறுபுறமோ அச்சந் தருவது. பரிவு விளைந்த அதே களத்திலே பகையும் விளைந்தது. உட்குழுவின் மீதான அன்பும் புறக்குழுவின் மீதான வன்மமும் ஒன்றையொன்று வளர்த்து வந்திருக்கக்கூடும் என்பதைச் சோய், போல்ஸ் ஆகிய இருவரும் 2007 இல் கணித மாதிரிகள் வழி காட்டினர்.

புறநானூறு இவ்விரு முகங்களையும் ஒரே தொகுதியிலே காட்டுகிறது. ஒக்கூர் மாசாத்தியாரின் பாடலில் (279), தமையனையும் கணவனையும் போரில் இழந்த பெண் தன் ஒரே மகனையும் களத்துக்கு அனுப்புகிறாள். கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதியின் பாடலோ (182), தமக்கென வாழாது பிறர்க்கென முயல்வோர் இருத்தலினாலேயே உலகம் நிலைத்திருக்கிறது என்கிறது. முன்னையது குடியின் எல்லைக்குள் நின்ற ஈகம்; பின்னையது எல்லை கூறாத ஈகம். இரண்டையும் பாடியது ஒரே மனித இனம். இரண்டுக்கும் வேண்டிய உள்ளுரம் ஒன்றே.

விலங்குகள் தம் அயலாரைக் கொல்வதில்லை என்று கூறி மனிதனை மட்டும் பழிப்பதும் பொருந்தாது. ஜேன் குடோல் தன்சானியாவின் கொம்பே வனத்திலே ஆராய்ந்த சிம்பன்சிக் கூட்டம் ஒன்று இரண்டாகப் பிரிந்தபின், 1974 முதல் 1978 வரையில் ஒரு பிரிவின் ஆண்கள் மற்றப் பிரிவினரை ஒவ்வொருவராகத் தாக்கிக் கொன்றன. முன்னர் ஒன்றாக உண்டு திரிந்தவையே அவை. ஆயினும் அவை தாம் கண்டறிந்தவற்றையே தாக்கின. 1983 இல் கொழும்புக் கும்பல்கள் சிலவற்றின் கையிலே வாக்காளர் இடாப்பு இருந்தது. எந்த வீட்டிலே தமிழர் வாழ்கின்றனர் என்பதைக் கும்பல்களுக்குச் சொன்னது அரசு அச்சிட்ட தாள். முகமறியாத ஒருவரைப் பெயராலும் இலக்கத்தாலும் பகைவராக்கும் ஆற்றல் எந்த விலங்கிடமும் இல்லை. ஆகவே மிருகத்தனம் என்ற சொல், சினத்தை விளக்கினும் இடாப்பை விளக்காது.

4. இடம்பெயரும் கோடு

மனித இயல்பிலே ‘நாம்’, ‘அவர்’ எனப் பிரிக்கும் ஆற்றல் பதிந்துள்ளது எனக் கொண்டாலும், கோடு எங்கே விழும் என்பதை அவ்வியல்பு தீர்மானிப்பதில்லை. இதற்குக் கொட்டாஞ்சேனையின் வரலாறே சான்று.

1883 மார்ச் 25 ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, கொட்டாஞ்சேனைத் தீபதுத்தாராமய விகாரையை நோக்கிச் சென்ற பௌத்த ஊர்வலம் கத்தோலிக்கரால் தாக்கப்பட்டது. கத்தோலிக்கத்தை இழிவுசெய்யும் உருவங்கள் ஊர்வலத்திலே வருகின்றன என்ற வதந்தி பரவியிருந்தது. அன்று கோடு மதத்தின் வழியே விழுந்தது. சிங்களவர் சிங்களவரை எதிர்த்து நின்றனர். 1915 இல் அது சிங்களவருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே விழுந்தது. அப்போது சிங்களத் தலைவர்களுக்காக வாதாடிய பொன்னம்பலம் இராமநாதனை, அவர் நாடு திரும்பியபோது சிங்களவர் வண்டியிலேற்றித் தாமே இழுத்துச் சென்றனர். கொட்டாஞ்சேனைச் சிவன் கோயிலைக் கருங்கல்லால் எழுப்பியவர் அவரே. அவரது வாதத்தினால் முஸ்லிம் மக்கள் மனம் புண்பட்டமையும் வரலாறே. 1983 இல், முதற் கலவரம் நிகழ்ந்து சரியாக ஒரு நூற்றாண்டின் பின், கோடு மொழியின் வழியே விழுந்தது. கத்தோலிக்கர் என்பது தமிழர் எவரையும் காக்கவில்லை. 1983 யூலை 29 ஆம் நாளும் ஒரு வதந்தியே தீயை மீண்டும் மூட்டிற்று. புலிகள் நகருக்குள் வந்துவிட்டனர் என்பதே அவ்வதந்தி.

அச்சம் கூர்ப்பின் பழைய கொடை. புதரிலே கேட்கும் சலசலப்பைப் புலி எனக் கருதி ஓடிய மூதாதையர், காற்று எனக் கருதி நின்றவரிலும் மிகுதியாகப் பிழைத்தனர். அப்பழைய கருவியே வதந்திக்கு எளிதில் இரையாகிறது. ஆயின் சலசலப்புக்குப் பெயர் சூட்டுவது இயற்கையின் வேலை அன்று. ஹென்றி தஜ்பெல் 1970 ஆம் ஆண்டை ஒட்டிப் பிரித்தானியாவின் பிறிஸ்டல் நகரிலே பள்ளி மாணவரை வைத்துச் செய்த சோதனைகள் இதனைத் தெளிவுபடுத்தின. இரு ஓவியருள் எவரை விரும்புகிறாய் என்னும் அற்பக் காரணத்தைச் சொல்லிக் குழுப் பிரித்தபோதும், மாணவர் தம் குழுவினருக்கே மிகுதியாகப் பங்களித்தனர். தஜ்பெல் போலந்து நாட்டு யூதர். அந்நாட்டவர் என்பதை மறைத்துப் பிரெஞ்சுப் போர்க்கைதியாக இருந்தமையால் நாசிகளிடமிருந்து உயிர் தப்பியவர். தாம் எந்த வகையினர் என்ற விடையிலே உயிர் தொங்கும் நிலையை அவர் தம் வாழ்விலேயே அறிந்திருந்தார்.

5. அடைக்கலத்தின் எல்லை

அவ்வாரத்திலே தமிழரைத் தம் வீடுகளில் ஒளித்துவைத்த சிங்கள அயலவர் பலர். இதனை எவ்வாறு விளக்குவது? ஹமில்டன் 1964 இல் உறவினர்க்கு உதவுதல் எவ்வாறு இயற்கைத் தேர்வால் நிலைபெறும் என்பதைக் காட்டினார். றொபேட் டிறிவேர்ஸ் 1971 இல் உறவல்லாதாரிடையேயும் கைம்மாறு எதிர்நோக்கிய உதவி நிலைபெறும் என வாதித்தார். பிலிப்பின் செயல் இவ்விரண்டுக்கும் பெரிதும் அடங்கும். மனைவி தமிழர், நண்பர் பல்லாண்டு பழகியவர். ஆனால் முகமறியாதாரைக் காத்தவரும் இருந்தனர். காத்த வீட்டையும் கும்பல் எரிக்கக்கூடும் என்பதை அறிந்தே காத்தனர். பழகியோரிடம் விளைந்த பரிவு பழகாதோரிடமும் பாயும் என்பதையே இது காட்டுகிறது. தாகத்துக்காகத் தோண்டிய கிணறு வழிப்போக்கனுக்கும் நீர் தருவது போன்றது இது. ஒரு நாட்டினர் யாவரிடமும் பரிவை விரிக்கக் கற்றபின், எல்லா இனத்தாரிடமும் அதனை விரிப்பதற்குத் தடையாக நிற்பது மனிதன் ஆக்கிய வேலி மட்டுமே என டார்வினும் கருதினார்.

எனினும் அடைக்கலத்தை இலக்கியம் எவ்வாறு காட்டுகிறது என்பதிலே திறனாய்வாளர் விழிப்பாக இருத்தல் வேண்டும். சியாம் செல்வதுரையின் ‘பனி போய்’ (1994) நாவலின் இறுதிப் பகுதி 1983 ஐ நாட்குறிப்பு வடிவிலே கூறுகிறது. அயலிலுள்ள சிங்களக் குடும்பம் தமிழ்க் குடும்பத்தைக் காக்கிறது. ஆயினும் பாட்டனும் பாட்டியும் காரோடு எரிக்கப்படுகின்றனர். காத்த கையும் எரித்த கையும் ஒரே நகரத்தன என்பதை அந்நாவல் மறைக்கவில்லை. மக்கின்டயரின் நாடகம் இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. ஒவ்வொரு கலவரத்திலும் நிகழும் அடைக்கலம் நாளடைவிலே ஒரு சடங்காகிவிடுகிறது. விருந்தோம்பலின் இனிமைக்குள்ளே, இக்கலவரங்கள் மழையும் வெயிலும் போல வந்து போவன என்னும் ஏற்பு ஒளிந்திருக்கிறது. நண்பரைக் காக்கும் நன்மை, நண்பர் ஏன் காக்கப்பட வேண்டும் என்ற வினாவைத் தள்ளிப்போடுகிறது. இதனை வெளிக்கொணர்ந்தமை நாடகத்தின் முதன்மையான வெற்றியாகும்.

அதன் குறையும் இதனை அடுத்தே உள்ளது. நாடகம் ஆங்கிலங் கற்ற நடுத்தர வகுப்பின் வரவேற்பறைக்குள் நிகழ்கிறது. கைம்மாறாக அமையும் நட்பைச் சேமித்துவைக்க ஒன்றாகக் கற்ற ஆண்டுகள் வேண்டும். சேர்ந்திருந்து உண்ண ஓய்வு வேண்டும். கொட்டாஞ்சேனையிலும் புறக்கோட்டையிலும் கடைகளிலேயே உண்டு உறங்கிய சிப்பந்திக்கும், நகருக்கு வேலை தேடி வந்த மலையகத் தொழிலாளிக்கும் அத்தகைய சேமிப்பு இருக்கவில்லை. அவர்களுக்கு ஒரு பிலிப் இல்லை. கும்பல் மேடைக்கு வருவதில்லை. அதனை விலங்காக்கிக் காட்டும் மலிவான உத்தியினின்று நாடகம் தப்புகிறது. ஆனால் இடாப்பைக் கொடுத்த கையும் மேடைக்கு வெளியிலேயே நின்றுவிடுகிறது.

6. மறுப்பும் மானமும்

இராசநாயகத்தின் இறுதிச் செயலே நாடகத்தின் உச்சம். தமிழ் வாசகர் அதனைத் தம் மரபிலே உடனே இனங்காண்பர். புறநானூற்றின் 74 ஆம் பாடலோடு தொடர்புடைய சேரமான் கணைக்கால் இரும்பொறை, சிறையிலே கேட்ட நீர் காலந்தாழ்த்துத் தரப்பட்டதனால் அதனை உண்ணாது இறந்தான் என்பர். திருக்குறளின் மானம் என்னும் அதிகாரம், மயிரை இழப்பின் உயிர்வாழாத கவரிமாவை மானமுடையோருக்கு உவமையாக்குகிறது. விலங்கியலிலே அத்தகைய விலங்கு இல்லை. உயிரினும் மானத்தை உயர்த்தும் விலங்கொன்றை வள்ளுவர் இலக்கிய வழக்கிலிருந்தே பெற்றார் எனல் பொருந்தும். மெய்ப்பாட்டியல் பெருமிதத்துக்குக் கூறும் அடிப்படைகளுள் அஞ்சாமையும் புகழும் உள்ளன. கூர்ப்பு நோக்கிலே புகழ் வீணன்று. ஒருவரின் அஞ்சாமையைக் கண்ட கூட்டம் அவர் உறவினரை மதிக்கும். ஆனால் இராசநாயகத்தின் சொல்லைக் கேட்டது அவரை மதிக்கும் கூட்டம் அன்று. அச்சொல்லால் எந்தப் போரும் வெல்லப்படவில்லை. பழைய கருவி, தான் ஆக்கப்பட்ட பயனைக் கடந்து, தனக்கே உரிய பொருளைத் தேடிக்கொண்ட இடம் அது. ஓர் உணர்வு எதற்காகத் தோன்றியது என்பது, அது இன்று எதற்கு உதவலாம் என்பதைக் கட்டுப்படுத்துவதில்லை.

எனினும் இவ்வுச்சத்திலே ஓர் ஆபத்து உண்டு. இராசநாயகத்தின் மறுப்பு மானம் எனில், அவரே முன்னைய கலவரங்களிலே பழகிக்கொண்ட உச்சரிப்பு யாது? வெள்ளவத்தை வீதியிலே நெற்றிப் பொட்டை அழித்துக்கொண்டு குழந்தையோடு நடந்த தாயும், பேருந்திலே வாய்திறவாதிருக்கும்படி பிள்ளையைப் பழக்கிய தந்தையும், பெயரை மாற்றிச் சொன்ன முதியவரும் மானமற்றோரா? கவரிமாவை மட்டும் ஓதும் மரபு அவர்களைக் குற்றவாளிக் கூண்டிலே நிறுத்திவிடும். 2009 வரை நீண்ட போர்க்காலத்திலே, இறந்தவரின் பெருமையைக் கொண்டு பிழைத்தவரைக் குறுகச் செய்யும் பேச்சு தமிழ் மேடைகளிலே கேட்கப்பட்டதை எவரும் மறுக்கவியலாது.

கூர்ப்புக் கொள்கை இங்கே அறத்துக்குத் துணைநிற்கிறது. பிள்ளையைக் காக்கத் தன்னை மறைக்கும் தாயின் உந்தல் கோழைத்தனம் அன்று. அன்பு என்று மொழி பெயரிட்ட எல்லாவற்றுக்கும் அதுவே ஊற்று. வள்ளுவரும் ஒருபக்கமாக நிற்கவில்லை. எவருக்கும் தீங்கில்லாத நன்மையைத் தருமாயின் உண்மையல்லாத சொல்லும் வாய்மையோடு ஒப்பவைத்து எண்ணத்தக்கது என்று வாய்மை அதிகாரத்திலே அவர் இடமளித்தார். மானம் என்ற அதிகாரத்தை ஓதுவோர் வாய்மை என்ற அதிகாரத்தையும் சேர்த்தே ஓதுதல் கடன். அவ்வாறு ஓதின், ‘பால்திய’ என்று சரியாகச் சொல்லிப் பிழைத்தவர் பிழை செய்தவர் அல்லர் என்பதும், சொல்ல மறுத்து இறந்தவர் பேதை அல்லர் என்பதும் ஒருங்கே புலனாகும். இருவரையும் ஒரு தராசிலிட்டு நிறுப்பதே தவறு.

7. தேர்வும் தேர்வாளரும்

இயற்கைத் தேர்வு என்ற தொடரிலே ‘தேர்வு’ என்பது உருவகமே. அங்கே தேர்பவர் எவருமிலர். குளிரும் வறட்சியும் நோயும் எவரையும் குறித்து வருவதில்லை. ஆகவே அங்கே தப்பியதற்கும் அழிந்ததற்கும் அறத்தின் பெயரால் எவரையும் வினவ இயலாது. காலி வீதியிலே நடந்த தேர்வு அத்தகையது அன்று. அங்கே கேள்வி கேட்டவர் இருந்தார். கேள்வியை அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் இருந்தார். இடாப்பை வழங்கியவர் இருந்தார். தடுக்கக்கூடியவராயிருந்தும் தடுக்காது நின்றவர் இருந்தார். விடையளித்தவரின் மானத்தை ஆராய்வதிலே காட்டப்படும் ஊக்கம், வினாவை அமைத்தவரை நோக்கித் திரும்புவதே முறை. அறத்தின் சுமை அவர்கள் மீதே விழுகிறது. நாடகத்தை இறுதிக் காட்சியின் வீரத்தோடு நிறுத்திவிடாது, அதன் முழு அமைப்பையும் நோக்குவோருக்கு அது உணர்த்தும் உண்மை இதுவே.

தோமஸ் ஹக்ஸ்லி 1893 இல் ஆற்றிய பேருரையிலே, அறம் என்பது இயற்கையின் போக்கைப் பின்பற்றுவதிலன்றி அதனை எதிர்த்து நிற்பதிலேயே உள்ளது என்றார். குரோப்போட்கின் 1902 இல், ஒருவருக்கொருவர் உதவுதலும் இயற்கையே என விடையிறுத்தார். கொழும்பின் வரலாறு இருவருக்கும் பாதி பாதியாகச் சாட்சி சொல்கிறது. எரித்ததும் இயல்பின் ஒரு கூறு. ஒளித்துவைத்ததும் இயல்பின் ஒரு கூறு. எந்தக் கூறு எப்போது தலைதூக்கும் என்பதைச் சட்டமும் பள்ளியும் செய்தித்தாளும் காவல்துறையும் பெரிதும் தீர்மானிக்கின்றன. மனித இயல்பு இவ்வளவே எனக் கைவிரிப்போர், மாற்றத்தக்கவற்றை மாற்றும் கடமையினின்று நழுவுகின்றனர்.

கோடு 1983 உடன் நின்றுவிடவில்லை. 2019 ஏப்பிரல் 21 ஆம் நாள், மீண்டும் ஓர் உயிர்த்த ஞாயிறன்று, கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடையிலே புனித அந்தோனியார் ஆலயம் குண்டுவெடிப்புக்கு உள்ளாகியது. பல மதத்தவரும் நேர்த்திவைத்து வழிபடும் இடம் அது. அடுத்த மாதமே வடமேல் மாகாணத்திலே, அக்குற்றத்தோடு எத்தொடர்பும் இல்லாத முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. ஒருகாலத்திலே விடையளிக்க நின்ற தமிழர், இக்காலத்திலே வெறும் பார்வையாளராகவோ, சில வேளைகளில் வினாக் கேட்போருக்குத் தலையசைப்போராகவோ நிற்க நேர்ந்தது. தமக்கு நேர்ந்ததை நினைவிலே வைத்திருப்பதாகக் கூறும் சமூகம், அந்நினைவினாற் கற்றது யாது என்பதற்கு அதுவே சோதனை.

இளம்பெருவழுதி பாடிய உலகம் இன்னும் நிலைத்திருக்கிறது. அது வலியோரால் நிலைத்திருக்கிறது என்று அவன் சொல்லவில்லை. தம் குடிக்காக மட்டும் முயல்வோரால் நிலைத்திருக்கிறது என்றும் சொல்லவில்லை. வாளியின் பெயரைக் கேட்டு உயிரை அளக்கும் கூட்டம் எம்மொழியினதாயினும் அதன் முன் கதவை அடைத்து, உள்ளே அஞ்சி நிற்பவருக்கு இடந்தருவோரே அவன் கண்ட மக்கள். அவர்கள் பிழைத்திருக்கும்வரை உலகம் பிழைக்கும். அவர்கள் மட்டுமே போதும் என எண்ணி, கேள்வி கேட்போரைக் கேள்வி கேளாதிருத்தலே பிழை.